கல்லறை மெழுகும் ஒரு பேஸ் கிட்டாரும்

இந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லறைத் தோட்டத்து வாசலில் பேட்டரி மெழுகுவர்த்தி விற்றார்கள். காற்றுக்கு அணையாது, உருகாது, அடுத்த வருடமும் ஆகும் என்றான் விற்றவன். மனைவி வாங்கினாள். அப்பா கல்லறையில் வைத்துச் சுவிட்சைப் போட்டேன். நெளிந்து நெளிந்து எரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. வாசனை மட்டும் இல்லை.

உருகிய மெழுகு வாசனை வந்தால் உங்களுக்குக் கரண்டு போன வீடு ஞாபகம் வரலாம். எனக்குக் கிட்டார் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

அப்போது எனக்கு ராஜபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடையில் வேலை. மில் மோட்டார், கிணற்று மோட்டார், மிக்சி, எது எரிந்தாலும் எங்களிடம் வரும். கட்டிய காயிலை வார்னிஷில் முக்கிச் சூடு காட்டி எடுப்போம். அந்த வாடை சோற்றிலும் இருக்கும், சட்டையிலும் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் சாம்பிராணி போட்டாலும் அமுங்காது. அதனால் என்னைப் பாடகர் குழுவுக்குப் பின்னால், ஸ்பீக்கர் பெட்டிகளோடு உட்கார வைத்துவிட்டார்கள். ஆம்ப்ளிஃபயரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

எனக்கு முன்னால் செல்வின். மம்சாபுரத்துக்காரன். நூல் மில்லில் வேலை. மிஷின் இரைச்சலில் காது பாதி போய்விட்டது. வயலினும் புல்லாங்குழலும் அவன் காதுக்கு இல்லை. பேஸ் கிட்டார் மட்டும் உண்டு. அதுவும் காதில் அல்ல. "கம்பியத் தொட்டா இங்க வருதுல்லா" என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவான்.

மதுரையில் பழசாக வாங்கிய கிட்டார். அதற்கு ஒரு குணம். கட்டையில் விரல் பட்டாலே ஸ்பீக்கரில் டொக் என்று விழும். குனிந்து பேசினால் பேச்சும் விழும். செல்வின் குனிந்துதான் வாசிப்பான்.

குழுவுக்குத் தலைவர் அருளப்பன் அண்ணாச்சி. ஜவுளிக்கடைக்காரர். தனிப்பாட்டு என்றால் அவர்தான், வேறு யாரும் எழுந்திருக்க முடியாது. ஒரு ஞாயிறு அவர் கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் ஒரு குரல் வந்தது.

"இன்னும் சுருதியே சேரல, அதுக்குள்ள ரெண்டாவது சரணத்துக்கு எங்க போறாரு?"

சாமியார் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டார். செபம் என்று நினைத்துக்கொண்டோம். பாதிக் காதுக்கே தெரிந்த சுருதி, முழுக் காதுக்காரர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? சொல்லத்தான் ஆள் இல்லாமல் இருந்தது.

பூசை முடிந்ததும் அண்ணாச்சி நேராக வந்தார்.

"ஏலே, என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. மனசுக்குள்ள நெனச்சேன்."

"மனசுக்குள்ள நெனச்சது ஸ்பீக்கர்ல வருமால?"

"இந்தக் கிட்டாருல வருது அண்ணாச்சி."

"அப்ப இந்தக் கட்டைய இனி உள்ள கொண்டாராத. கிறிஸ்துமசுக்குக் கீபோர்டுலயே பேஸ் வாசிச்சிக்கிடலாம். அதுக்கு மனசு கெடையாது."

மறுநாள் செல்வின் கிட்டாரைப் போர்வையில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தான்.

"இது போச்சுன்னா நா கோயில்ல சும்மா வாயசைச்சிக்கிட்டு ஒக்காரணும்டே. ஒண்ணும் கேக்காது. எப்பிடியாச்சும் சரி பண்ணு."

கழற்றிப் பார்த்தேன். கம்பிகளுக்குக் கீழே காந்தம், அதைச் சுற்றி முடியை விட மெல்லிய செப்புக் கம்பியில் காயில். கிட்டார்க் கம்பி அதிர்ந்தால் காயில் அதைப் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும். காயில் இறுக்கமாக இருக்க வேண்டும். லொடலொடவென்று இருந்தால் தானும் சேர்ந்து அதிரும். பிறகு தட்டுகிறது, பேசுகிறது எல்லாவற்றையும் அனுப்பும். ஊரில் இப்படி ஆட்கள் உண்டு.

கை தானாக வார்னிஷ் டின்னுக்குப் போனது. எங்களுக்குக் காயில் என்றால் வார்னிஷ். மூடியைத் திறந்த பிறகுதான் யோசனை வந்தது. வார்னிஷ் காய்ந்தால் காய்ந்ததுதான், நாளைக்குக் கம்பி அறுந்தால் பிரிக்க முடியாது. சூடு காட்டினால் காயிலைத் தாங்கும் பிளாஸ்டிக்கும் உருகிவிடும். பழைய ரேடியோ காயிலில் மெழுகுதான் இருக்கும். மூடியை மூடினேன்.

"மெழுகு வேணும்டே" என்றேன்.

"செத்த நேரம் பொறு" என்று போனான். கல்லறைத் திருநாள் முடிந்த வாரம் அது. பை நிறைய மெழுகுத் துண்டுகளோடு வந்தான்.

"யார் வீட்டுக் கல்லறையில எடுத்த?"

"எல்லா வீட்டுலயும் கொஞ்சம் கொஞ்சம். சண்டை வரக்கூடாதுல்லா."

வெறும் மெழுகு ஆறினால் விரிசல் விடும். கூமாப்பட்டிப் பக்கம் தேன் எடுப்பவரிடம் தேன்மெழுகு வாங்கிச் சேர்த்தேன். தண்ணீர் கொதிக்கும் சட்டிக்குள் பால் பவுடர் டப்பாவை வைத்து உருக்கி, திரியெல்லாம் வடிகட்டி, அடுப்பைத் தணித்து, காயிலை உள்ளே விட்டேன். இண்டு இடுக்கில் இருந்த காற்று குமிழ் குமிழாக வந்தது. குமிழ் நின்றதும் எடுத்துத் துடைத்து ஆற விட்டேன். அன்று ஒருநாள் கடையில் வார்னிஷ் வாடை இல்லை. கல்லறைத் தோட்டம் மாதிரி மணத்தது.

மாட்டிப் பார்த்தோம். ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் சத்தமில்லை. செல்வின் குனிந்து தன் பெயரையே கத்தினான். ஸ்பீக்கர் சும்மா இருந்தது.

"ஊமையாயிட்டுடே" என்றான். சந்தோஷமா வருத்தமா, தெரியவில்லை.

கிட்டார் திருந்திவிட்டது என்று அண்ணாச்சியிடம் நான்தான் உத்தரவாதம் கொடுத்தேன். கிறிஸ்துமஸ் காலைப் பூசை. அண்ணாச்சி கண்ணை மூடினார். முதல் சரணம் சுத்தமாகப் போனது. இரண்டாவதில் வந்தது குரல்.

"இந்த வருசமும் சேரல."

அண்ணாச்சி கண்ணைத் திறந்து கிட்டாரை முறைத்தார். நான் ஒயரையே பிடுங்கிவிட்டேன். பிறகும் கேட்டது.

"ஏம்டே, பெட்டி நின்னுட்டு?"

கோயில் முழுக்கத் திரும்பியது. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. மிஷினுக்கு நடுவே பேசிப் பழகிய வாய். அவன் மனசுக்குள் நினைப்பது கடைசி பெஞ்சு வரைக்கும் போகும். கிட்டார் கொஞ்சம் ஒத்தாசைதான் செய்திருக்கிறது. ஊரில் செத்தவர்கள் எல்லாருடைய மெழுகையும் அதன் வாயில் ஊற்றியிருக்கிறோம்.

காணிக்கை எடுக்கும் நேரத்தில் அண்ணாச்சி எழுந்து வந்தார். கிட்டார் இனி வெளியேதான் என்று நினைத்தேன். செல்வின் முகத்தையே பார்த்தார்.

"நா பாடுனது ஒனக்குக் கேட்டுச்சால?" என்றார், மெதுவாக.

செல்வின் என்னைப் பார்த்தான். "அவிய என்ன சொல்லுதாவ?"

அண்ணாச்சி கீழே கிடந்த ஒயரை எடுத்து நீட்டினார். பிறகு என்னிடம் சொன்னார். "ஒயரச் சொருகுடே. அடுத்த பாட்டு இருக்கு."

அதன் பிறகு செல்வினைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டார். பாடும்போது அவன் முழங்காலில் தாளம் தட்டுவார். அவன் முணுமுணுத்தால் கொஞ்சம் பலமாகத் தட்டுவார்.

இப்போது கோயிலில் கீபோர்டுதான். பேஸ் அதற்குள்ளேயே இருக்கிறது. செல்வின் திருப்பூரில் மகளோடு இருக்கிறான். மகள் வாங்கித் தந்த காது மிஷின் சட்டைப்பையில் பத்திரமாக இருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு மட்டும் வருவான். இந்த வருடமும் வந்தான். அருளப்பன் அண்ணாச்சி கல்லறையில் பேட்டரி மெழுகுவர்த்தியை வைத்து, கை கூப்பி, மனசுக்குள் பேசினான்.

"இப்பவாச்சும் சுருதி சேந்துச்சா அண்ணாச்சி?"

தோட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பதிலுக்குக் கல்லின் பக்கம் காதைச் சாய்த்தான். பிறகு என் பக்கம் திரும்பினான், தனக்குத்தான் கேட்கவில்லையோ என்பதுபோல. அண்ணாச்சி ஒன்றும் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன்.