மேல்வீட்டுத் தம்பியும் என் ரிசீவரும்

மந்தைவெளியில் அப்பா கட்டிய வீட்டை இடித்து ஃப்ளாட் ஆக்கியபோது மேல்தளமும் மொட்டைமாடியும் தம்பிக்கு என்று முடிவானது. எனக்கு முதல் தளம். தனியாக இருப்பவளுக்கு மாடி எதற்கு என்றார்கள் உறவினர்கள். எதற்கு என்று தம்பிக்குத் தெரியும். நாங்கள் இருவரும் ஒன்றாகப் பரீட்சை எழுதி, வீட்டிலிருந்தே ரேடியோவில் வெளியூர்க்காரர்களோடு பேசும் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கியவர்கள். ஆன்டெனாவுக்கு உயரம்தான் உயிர். அன்று அவன் வாயைத் திறக்கவில்லை.

குடிவந்த கையோடு மாடியில் இரும்புக் கோபுரம் நிறுத்தினான். ஒரு மூலையில் எனக்கு இடம் கேட்டேன்.

"சோலார் போடப்போறேன்க்கா, இடம் இருக்காது" என்றான்.

சோலார் இன்றுவரை வரவில்லை. நான் பால்கனிக் கம்பியிலிருந்து பக்கத்துக் காம்பவுண்டு தென்னைக்கு ஒரு ஒயரை இழுத்துக் கட்டிக்கொண்டேன்.

தம்பிக்குப் பேச வேண்டும். தன் குரல் எந்த ஊர்வரை போகிறது என்பதுதான் அவன் கணக்கு. எனக்குக் கேட்கத்தான் பிடிக்கும். இரைச்சலுக்கு அடியில் கேட்டும் கேட்காமலும் வரும் மோர்ஸ் தந்தி ஒலிக்காக, நானே ஒரு ரிசீவர் செய்திருந்தேன். ஒருநாள் காலை அதில் எங்கோ ஒரு தீவுக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தபோது மேலே தம்பி மைக்கை அழுத்தினான். ஹெட்போனில் படாரென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. கடல் தாண்டி வரும் முனகலுக்காகச் செய்த பெட்டி. தலைக்கு மேலிருந்து அவ்வளவு பலம் இறங்கினால் முதல் டிரான்சிஸ்டர் கருகாமல் என்ன செய்யும்?

ரிச்சி தெருவுக்குப் போய்ப் புது டிரான்சிஸ்டர் வாங்கிவந்தேன். கூடவே ஆன்டெனா நுழையும் இடத்தில் இரண்டு டையோடுகளை எதிரெதிராக வைத்து, வழியில் ஒரு டார்ச் பல்பையும் கோர்த்தேன். அளவுக்கு மீறி வருவதை டையோடுகள் தடுக்கும், மிச்சத்தைப் பல்பு தாங்கிக்கொள்ளும். பெட்டி பிழைத்தது. ஆனால் தம்பி பேசும்போதெல்லாம் பேண்டு முழுக்க, எந்த அலைவரிசைக்குத் திருப்பினாலும், அவன் குரல் கரகரவென்று சிதறியது.

"பவரைக் கொஞ்சம் குறைச்சுக்கோயேன்டா."

"ரூல்படிதான்க்கா பேசறேன். உன் ரிசீவரை நீதான் பாத்துக்கணும்."

அது தப்பில்லை என்பதுதான் எரிச்சல். கடைசியில் ஒன்றுக்கு ஒப்புக்கொண்டான். அவன் செட்டிலிருந்து என் அறைக்கு ஒரு ஒயர். அவன் மைக்கை அழுத்தினால் என் பக்கம் ஒரு ரிலே இழுத்து, என் ஆன்டெனாவைத் துண்டித்துவிடும். அவன் கையை எடுத்தால் திரும்பச் சேரும். படிக்கட்டு ஓரமாக நானே ஒயரை இறக்கினேன். அதற்குப்பிறகு என் காது எப்போது திறக்கும், எப்போது மூடும் என்பது அவன் விரலில் இருந்தது. அதற்கும் நன்றி சொன்னேன்.

அப்புறம் அந்த மழை. கரண்ட் இல்லை, போன் இல்லை, கீழே கார் நிறுத்தும் இடத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். தம்பி மாடியில் ஜெனரேட்டரைப் போட்டுக்கொண்டு வெளியூர்களுக்குச் சென்னை நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் பேட்டரியில் ரிசீவரைப் போட்டேன். ரிலே டக் டக்கென்று அடித்தது. மதியம், அவன் மூச்சு விடும் இடைவெளியில், மெல்லிய மோர்ஸ் ஒன்று கேட்டது. சைதாப்பேட்டையில் ஆற்றோரம் வீடு உள்ள ஒருவர். பள்ளிக்கூட லேபில் வேலை. பைக் பேட்டரியில் ஓடும் சின்ன செட் அவருடையது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறுகிறது, அம்மா படுத்த படுக்கை, தூக்க ஆள் வேண்டும் என்று அடித்துக்கொண்டிருந்தார். என்னிடம் இருந்த சின்ன டிரான்ஸ்மிட்டரில், கேட்கிறது, இருங்கள் என்று பதில் அடித்துவிட்டு மாடிக்கு ஓடினேன்.

"கொஞ்ச நேரம் நிறுத்துடா. சைதாப்பேட்டையில ஒருத்தர் கூப்பிடறார், முகவரி வாங்கணும்."

"ஊரே என்னைக் கேட்டுட்டு இருக்குக்கா" என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, போ" என்றான்.

இறங்கி வந்தேன். பேண்டு அமைதியாக இருந்தது. அவர் முகவரியை ஆரம்பித்தார். மார்க்கெட்டுக்குப் பின்னால், சந்தின் பெயர்... இரண்டு எழுத்து வந்தது. பல்பு பளிச்சென்று எரிந்து அணைந்தது. ரிசீவரிலிருந்து கருகிய வாடை. ரிலே அசையவே இல்லை.

மேலே போனேன். நான் கேட்டு வாங்கிய அமைதியில் தம்பி, பவரைக் கூட்டப் புதிதாக வாங்கியிருந்த பெரிய ஆம்ப்ளிஃபயரை மாட்டியிருந்தான். யாரோ அவன் சிக்னல் போதவில்லை என்றார்களாம். என் ரிலேவுக்கு வரும் ஒயர் கழற்றப்பட்டு, சுருட்டி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது.

"மறந்துட்டேன்க்கா."

கீழே வந்து, உங்களைக் கேட்க முடியவில்லை, ஆள் அனுப்புகிறேன் என்று திரும்பத் திரும்ப அடித்தேன். தம்பி மறுபடியும் பேச ஆரம்பித்திருந்தான். அவன் சத்தத்தில் என்னுடையது யார் காதில் விழும்? தண்ணீரில் நடந்து போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். நனைந்த காக்கிச் சட்டையோடு நின்ற கான்ஸ்டபிள் பொறுமையாகத்தான் கேட்டார்.

"மார்க்கெட் பின்னாடி எத்தினி சந்து கீது தெரியுமாம்மா? ரெண்டு எழுத்தை வச்சிக்கினு எங்கன்னு தேடறது?"

மறுநாள் அக்கம்பக்கத்தார் அந்த அம்மாவைக் கட்டிலோடு தூக்கி வந்திருக்கிறார்கள். நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் போய்விட்டார். ஒருநாள் முன்னால் தூக்கியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. தண்ணீர் வடிந்தபின் அவர் மகன் ரேடியோக்காரர்களிடம் விசாரித்து என்னைத் தேடி வந்தார். கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இருங்கன்னு சொன்னீங்க மேடம். அப்புறம் சத்தமே இல்ல. நீங்களும் பாவம், தண்ணியில மாட்டிக்கினீங்கன்னு நெனச்சிட்டேன்."

நடந்ததைச் சொன்னேன். தலையாட்டினார். அப்போது மாடியில் தம்பியின் பேச்சுச் சத்தம் கேட்டது. அவர் ஒருமுறை மேலே நிமிர்ந்து பார்த்தார். நான் கொடுத்த காபியைக் குடிக்காமல் போனார்.

மழையில் செய்த சேவைக்காகத் தம்பிக்கு ஒரு கூட்டத்தில் பொன்னாடை போர்த்தினார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தான். போகவில்லை. வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டுப் பாலவாக்கத்துக்கு வந்துவிட்டேன். இங்கே சுற்றுவட்டாரத்தில் வேறு ரேடியோ கிடையாது. புது ரிசீவருக்கு டையோடும் வேண்டியிருக்கவில்லை, ரிலேயும் வேண்டியிருக்கவில்லை.

போன மாதம் தி.நகரில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த தம்பி, எதிரே இருந்தவரிடம் என்னைக் காட்டினான்.

"அக்காவும் முன்னாடி ரேடியோல்லாம் வச்சிருந்தாங்க. இப்ப விட்டுட்டாங்க."

எதிரே இருந்தவர் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். நான் இலையை மூடிவிட்டுக் கை கழுவ எழுந்தேன்.