அப்பாவின் வெள்ளைத் துண்டு

தேக்கா சந்தையில் மீன்காரர் தொட்டியிலிருந்து எடுத்த விரால், ஒரு துள்ளு துள்ளி என் முகத்தில் தண்ணீரை அடித்தது. அந்தச் சேற்று வாடை என்னை எங்கள் ஊர்க் கண்மாய்க் கரைக்கே கொண்டுபோய்விட்டது.

கோடையில் தண்ணீர் வற்றியதும் ஊரே கூடையும் வலையுமாகக் கரையில் காத்திருக்கும். அப்பா மடைமேல் ஏறி வெள்ளைத் துண்டை வீசினால்தான் இறங்கலாம். அதற்குமுன் யாராவது காலை நனைத்தால், "டேய், கரையேறுடா!" என்று கத்துவார். துண்டு வீசுகிறவர் மீன் பிடிக்கக் கூடாது. அதனால் கரையேறும் ஒவ்வொரு வீட்டாரும் எங்கள் அண்டாவில் ஒரு மீனைப் போட்டுவிட்டுப் போவார்கள். அன்று யாரும் மீனை விற்கமாட்டார்கள். சாயங்காலம் தெருவெல்லாம் குழம்பு மணக்கும்.

கல்யாணமாகிக் கடல் கடந்து ஆங் மோ கியோவுக்கு வந்தபின் ஒரு மீன்பிடிக்குக்கூட நான் போனதில்லை. இந்த வருஷம்தான் ஆபிஸில் சண்டை போட்டு லீவு வாங்கியிருந்தேன்.

"அக்கா, வெட்டணுமா, முழுசாவா? சீக்கிரம் சொல்லுங்க லா!"

அவரை நிற்கவைத்துவிட்டு ஊரிலிருக்கும் தம்பியைக் கூப்பிட்டேன். "மீன்பிடி என்னைக்குடா?"

"அதெல்லாம் இனிமே ஏதுக்கா? கண்மாயை நான்தான் குத்தகைக்கு எடுத்திருக்கேன். வேலி போட்டாச்சு, எவனும் இறங்க முடியாது."

அவன் குரலில் அத்தனை பெருமை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்பா துண்டு வீசின இடம்டா அது!"

"அந்தத் துண்டு இருக்குக்கா. கம்புல கட்டி மடைமேல நட்டுட்டேன். கொக்கு ஒண்ணுகூட கிட்ட வர்றதில்ல."