தசரதன் மாமாவின் கைராசி

என் அக்கா ரஞ்சனியின் புருஷன் தசரதனுக்கு வலது கை என்று ஒன்று இருக்கிறது. எல்லோருக்கும்தான் இருக்கிறது என்பீர்கள். ஆனால் அவர் கைக்கு மட்டும் ராசி உண்டாம். சேரப்பணஞ்சேரியில் எங்கள் சொந்தக்காரர் யார் போர் போட்டாலும் மோட்டார் சுவிட்சை முதலில் அவர்தான் தட்ட வேண்டும். புது கிரைண்டர், புது ஃபிரிட்ஜ், எது வந்தாலும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். அவரும் கையைக் கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டு, ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர் மாதிரி வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த ராசி எப்படி வந்தது என்று சொல்கிறேன். வல்லம் வடகாலில் எங்கள் கம்பெனி திறந்த புதிதில் நெட்வொர்க் ரூமுக்கு ரூட்டர் வந்தது. வீட்டுச் சுவரில் மாட்டுகிற குட்டிப் பெட்டி இல்லை, இடுப்பு உயரத்துக்கு நிற்கும். உள்ளே அடுக்கடுக்காக ஸ்லாட்டுகள். ஸ்லாட்டுக்கு ஒரு கார்டு. தொழிற்சாலையில் புது லைன் போட்டால் பெட்டியை மாற்ற வேண்டாம், காலி ஸ்லாட்டில் இன்னொரு கார்டைச் செருகினால் போதும். அன்றைக்கு என்ன செய்தும் அதில் விளக்கு எரியவில்லை. மாட்ட வந்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு நின்றார்கள். ஸ்டோரில் அட்டைப்பெட்டி தூக்கிக்கொண்டிருந்த மாமா, காலில் இடறுகிறதே என்று ஒரு வயரை ஓரமாகத் தள்ளினார். பிளக் சரியாக உட்கார்ந்தது, விளக்கு எரிந்தது. சங்கதி அவ்வளவுதான்.

ஆனால் பிளாண்ட் ஹெட் வெங்கடேசன் சார் பெரிய பக்திமான். "தசரதா, இன்னா கைராசிப்பா உனக்கு" என்று தோளில் தட்டினார். கொஞ்ச நாளில் மாமா நெட்வொர்க் இன்சார்ஜ் ஆகிவிட்டார். அன்றிலிருந்து எந்தக் கார்டு ஏறினாலும் நல்ல நேரம் பார்த்து, குங்குமம் வைத்து, மாமா கையால்தான் ஏற வேண்டும். நம் ஆட்களுக்கு ஏசி ரூமும் கம்ப்யூட்டரும் வந்தால் புத்தி வந்துவிடும் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

நிஜ வேலை முழுக்க சுகப்பிரியாவுடையது. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், எஞ்சினியரிங் படித்தவள், கான்ட்ராக்டில் வந்தவள். எந்த லைனுக்கு எந்தக் கார்டு, எந்த மெஷின் எந்தக் கம்ப்யூட்டரோடு பேச வேண்டும் என்று எல்லாவற்றையும் அவள்தான் செட் செய்வாள். மாமா ரூம் சாவியை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு பின்னால் நாற்காலியில் சாய்ந்திருப்பார். புது லைன் ஓடத் தொடங்கியதும் அவளை நிரந்தரமாக்குவதாக வெங்கடேசன் சார் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கு இன்சார்ஜ் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அந்த வேலை அவளுக்கு உயிர். "கெடைக்கலைன்னா பொட்டியக் கட்டிட்டு வந்துருன்னு அப்பா சொல்லிட்டாக. மாப்பிள்ளை பாத்து வச்சிருக்காக. நான் அவன் மூஞ்சியக்கூடப் பாத்ததில்லக்கா" என்று என்னிடம் சொல்லியிருந்தாள்.

புது லைன் தொடக்கம் ஒரு வெள்ளிக்கிழமை. வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து பெரிய ஆட்கள் வந்து வெளியே நின்றார்கள். நான் டிஸ்பாட்ச் லீடர். புது லைனின் லேபிள் என் பிரிண்டரில் வருகிறதா என்று போனில் கேட்டுச் சொல்ல என்னையும் நெட்வொர்க் ரூமுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பத்தரைக்கு ராகுகாலம். மாமாவுக்கு அவசரம்.

சுகப்பிரியா உறையைப் பிரித்துக் கார்டைக் கொடுத்தாள். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின் ஓரத்தில் வரிசையாகத் தங்க நிறம் மின்னியது. கார்டு ரூட்டரைத் தொடுகிற இடம் அதுதான். இந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து அந்தத் தங்க ஓரத்திலேயே மூன்று பொட்டு வைத்தார்.

"சார், அங்க வைக்காதீங்க சார்" என்று சுகப்பிரியா பதறி ஓடி வந்தாள்.

"பொன்னு மாரி மின்னுது, அங்க வெக்காம வேற எங்க வெப்பாங்க? நீ தள்ளு" என்று சொல்லி, காயக்கூட விடாமல் ஸ்லாட்டில் செருகி அழுத்தினார்.

ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பிறகு எல்லா விளக்கும் அணைந்தன. பழைய லைன்களும் சேர்ந்து நின்றுபோனதை வெளியே எழுந்த கூச்சலே சொன்னது. மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. சுகப்பிரியா பவரை நிறுத்தினாள், கார்டை இழுத்தாள். குங்குமம் ஸ்லாட்டுக்குள்ளும் ஈஷியிருந்தது. அந்த ஸ்லாட் தேறாது என்று அதைத் தட்டுப் போட்டு மூடினாள். அடுத்த லைனுக்கென்று வாங்கி வைத்திருந்த இன்னொரு கார்டைப் பிரித்தாள்.

"தசரதா, உன் கையால வைப்பா, எல்லாம் சரியாயிடும்" என்று கதவுக்கு வெளியிலிருந்து வெங்கடேசன் சார் குரல் கொடுத்தார்.

மாமா தன் ராசியான கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அவர் குரலைத் தாழ்த்தி, "நீயே வெச்சிடும்மா. நான் மேல கைய வெச்சிக்கிறேன்" என்றார்.

அவள் வேறு ஸ்லாட்டில் கார்டைச் செருகிப் பவரைப் போட்டாள். மாமா பெட்டியின் தலையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, சாமி வந்தவர் போல் கண்ணை மூடி நின்றார். பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. என் பிரிண்டரில் லேபிள் வருகிறது என்று போனில் சொன்னார்கள். சார் உள்ளே வந்து பார்த்தது பச்சை விளக்கையும் மாமா கையையும்தான்.

"நான் சொல்லல? இதாம்பா கைராசி."

மாமா சிரித்தார். சார் அப்போதே கேட்டார்: "இந்தப் பொண்ணு எப்படி, நிரந்தரம் பண்ணிடலாமா?"

சுகப்பிரியா அவர் வாயையே பார்த்தாள். நானும் பார்த்தேன். ஒரு வார்த்தை, "பண்ணலாம் சார்" என்று சொன்னால் போதும்.

"கத்துக்கணும் சார். இப்பகூட அவ போட்ட கொயப்பத்துலதான் எல்லாம் நின்னுச்சி."

"சார், ஈரக் குங்குமத்தத் தடவிக் கெடுத்தது இவுரு. கார்டு வெச்சி ஓட்டுனது அவ. நான் இங்கதான நின்னுகினு இருந்தேன்" என்றேன்.

சார் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சாமி குங்குமத்தால எந்தக் கம்பெனியும் கெட்டதில்ல. மாமன் மச்சினி சண்டைய வூட்ல வெச்சிக்கம்மா" என்று போய்விட்டார்.

மாசக் கடைசியோடு சுகப்பிரியாவை நிறுத்திவிட்டார்கள். அன்று ராத்திரி அவர்கள் வீட்டுச் சாப்பாட்டில் அக்காவே மாமாவிடம், "ஏங்க, அந்தப் பொண்ணு பாவம் இல்லையா?" என்று கேட்டாள். "அவ இருந்தா எம்பேரு இன்னாவறது?" என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே. அந்தக் கையாலேயேதான்.

என் புது ஸ்கூட்டர் வந்த அன்று அவள் ஊருக்குக் கிளம்பினாள். வண்டியைச் சுங்குவார்சத்திரம் கடையில் எடுத்தேன். எலுமிச்சம்பழம், மாலை எல்லாம் அக்கா ஏற்பாடு. ஷிப்ட் முடிந்த எங்கள் கம்பெனி ஆட்கள் டீக்கடையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எதிரே பஸ் ஸ்டாப்பில் பையோடு சுகப்பிரியா நின்றிருந்தாள். மாமா வழக்கம்போல் கையைக் கர்ச்சீப்பில் துடைத்துவிட்டுச் சாவிக்காக நீட்டினார்.

நான் சாலையைக் கடந்து போய் அவளை இழுத்து வந்தேன்.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுக்கா" என்றாள்.

"நீ ஓட்ட வாணாம். ஸ்டார்ட் பண்ணிக் குடு, போதும்."

சாவியை அவள் கையில் வைத்தேன். "அடியே மரகதம், இன்னாடி இது" என்று அக்கா என் கையைப் பிடித்தாள். சுகப்பிரியா பட்டனை அமுக்கினாள். வண்டி உறுமியது. மாமாவின் கை நீட்டியது நீட்டியபடியே இருந்தது.

"வேணும்னா மேல கைய வெச்சிக்கங்க மாமா" என்றேன், டீக்கடைவரை கேட்கும்படி. "உங்க கைராசின்னு நானே சொல்லிக்கிறேன்."

டீக்கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்தார்கள். மாமா அதைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.