பின்மூலைப் பலகை

என் கணவரின் வலக்கையில் இரண்டு விரல்கள் இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம். விபத்து என்றே எல்லாரும் நம்புகிறார்கள். நீங்களாவது உண்மையைக் கேளுங்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னில், கிளேட்டனில் குடியிருந்தோம். கணவர் சிவம் ஒரு பழைய கேம்பர் வாங்கியிருந்தார். சின்ன லொறியின் முதுகில் ஏற்றிப் போகும் பெட்டி வீடு அது. உள்ளே கட்டிலும் அடுப்பும் இருந்தன. கடற்கரைக்குப் போய்த் திரும்பிய மறுநாள் அதை இறக்கி வீட்டு வளவில் வைக்க வேண்டியிருந்தது.

நான்கு மூலைக்கும் ஜாக்கி கொடுத்துப் பெட்டியைத் தூக்க வேண்டும். அடியிலிருந்து லொறியை வெளியே எடுக்க வேண்டும். பிறகு பெட்டியைச் சிறிது சிறிதாகத் தாழ்த்தி மரக்கட்டைகளின் மேல் இருத்த வேண்டும். மழையில் நிலம் ஊறிக் கிடந்ததால் ஜாக்கிகளுக்குக் கீழே பலகை போட்டிருந்தார். எல்லாம் கவனமாகத்தான் செய்தார்... என்னைக் காவல் வைத்ததைத் தவிர!

"லொறியை நான் எடுக்கட்டோ?" என்று கேட்டேன். அப்போதுதான் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தேன்.

"உமக்கு ஏலாது. உந்தப் பின்மூலையைப் பாத்துக்கொண்டு நில்லும். பலகை புதைஞ்சால் எனக்குக் கத்திச் சொல்லும்."

உதவிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரிடம் அதையே ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அவரும் சிரித்தார். லொறிச் சாவி அந்த வெள்ளைக்காரர் கைக்குப் போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

லொறி வெளியே போயிற்று. சிவம் குனிந்து, பெட்டிக்கு அடியில் கட்டையை நகர்த்தினார். என் மூலைப் பலகை மண்ணுக்குள் இறங்கத் தொடங்கியது. பார்த்தேன்... நன்றாகவே பார்த்தேன்!

வாயைத் திறக்கவில்லை. பெட்டி கொஞ்சம் சரியட்டும், அந்த மனிதர் முன்னால் இவரும் அசடு வழியட்டும் என்று நினைத்தேன். அவருடைய கை அடியில் இருந்தது எனக்குத் தெரியாதா? கண்ணுக்கு முன்னால்தானே இருந்தது! பெட்டி சரிந்து அவர் விரல்களின் மேலேயே இறங்கியது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி, "ஏனப்பா கத்தேல்லை?" என்று மெல்லக் கேட்டார். குரலில் கோபமே இல்லை.

"உங்கட பேரைச் சொல்லிக் கூப்பிட வாய் வரேல்லை," என்றேன்.

நம்பிவிட்டார்! கணவன் பெயரைச் சொல்லாத பெண்களிடையே வளர்ந்தவள்தானே நான். 'ஐயோ' என்று அலறுவதற்குப் பெயர் எதற்கு? அவர் அதைக் கேட்கவேயில்லை. நீங்கள் கேட்பீர்கள்...

விருந்தாளிகள் வந்தால் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். "என்ர பேரைச் சொல்ல வெக்கப்பட்டு ரெண்டு விரலைத் திண்டுட்டா இவ!" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அதையும் அடக்கம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். வெட்கங்கெட்டவள் நான்!

அவர் சோற்றைக் குழைத்து எடுக்கும்போது பாதி சாப்பாட்டுக் கோப்பையிலேயே விழுந்துவிடுகிறது. லொறியை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, பாருங்கள்...

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டார். இனிமேல் கூச்சப்படாமல் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமாம். கூப்பிடுகிறேன். சாப்பாடு ஆறுகிறதென்றால் குசினியிலிருந்து "சிவம்!" என்கிறேன்.

"ஓம், வாறன்," என்று முதல் குரலுக்கே வந்துவிடுகிறார்.