ரப்பர் கல்

வானத்திலிருந்து விழுந்த கல்லைத் தேடி அண்டார்டிகாவின் நீலப் பனியில் போகிறவர்கள் குனிந்த தலை நிமிராமல் போவார்கள். இகராஷி ஷோஜிக்கு மட்டும் அந்தக் கொடுப்பினை இல்லை. முன்வண்டி ஓட்டுநர் அவர். பனி எங்கே வெடித்து வாய் பிளந்திருக்கிறது என்று பார்த்து ஓட்ட வேண்டும். அவர் கண் தரையில் மேய்ந்தால் வண்டியோடு எல்லோரும் பாதாளம்தான்.

சொந்த ஊரான நீகாட்டா மலைப்பக்கத்தில் டிராக்டர் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர். பனியில் வண்டி ஓட்டத் தெரிந்தவர் என்று அழைத்தார்கள், போனார். குழுவில் ஒரு வழக்கம் உண்டு. கல்லைக் கண்டவர் இரண்டு கைகளையும் தூக்கி, "கல்!" என்று கத்த வேண்டும். மற்றவர்கள் போட்டது போட்டபடி ஓடி வருவார்கள். அன்று சாயங்காலம் யோகான் என்ற பயற்று இனிப்பை வெட்டிப் பங்கு வைக்கும் உரிமை கத்தியவருக்கு. சமையல்காரர்கூட ஒருமுறை வெட்டிவிட்டார். இகராஷி வெட்டியதில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் ஒரு துண்டு இனிப்பை வெட்ட இப்படி ஏங்கலாமா என்றால், ஏங்கினார்.

வீட்டுக்குப் போன் போட்டால் மனைவி தோமிகோ எடுத்ததும் கேட்பாள்.

"ஏங்க, இன்னைக்காவது?"

"இல்ல. வண்டி ஓட்டுனேன்."

"அத இங்கயே ஓட்டலாமே! இதுக்கு அவ்ளோ தூரம் போகணுமா?"

இரண்டாவது பயணத்தில் ஒருநாள் கறுப்பாக ஒன்று கண்ணில் பட்டது. வண்டியை நிறுத்திக் குதித்து, இரண்டு கைகளையும் தூக்கி, தொண்டை கிழியக் கத்தினார். எல்லோரும் ஓடி வந்தார்கள். ஆராய்ச்சிக்கார ஒகிட்சு இடுக்கியால் அதைத் தூக்கிப் பார்த்தாள்.

"அண்ணே, இது வானத்துலேர்ந்து விழல. உங்க வண்டிலேர்ந்து விழுந்திருக்கு."

சக்கரப்பட்டையிலிருந்து பிய்ந்த ரப்பர். மானம் கப்பலேறியது. அன்று முதல் அவர் பெயரே 'ரப்பர் கல்'. அவரும் சேர்ந்து சிரித்தார். உள்ளே வலித்தது.

மூன்றாவது பயணம்தான் கடைசி என்று தோமிகோவுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். தேடலின் கடைசி நாள், காற்று மூர்க்கமாகக் கிளம்பிவிட்டது. பழைய தடம் வெடித்திருந்ததால் அதுவரை எந்த வண்டியும் போகாத பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அப்போது இடது பக்கம், முஷ்டி அளவில், கறுப்பாக ஒன்று.

கால் பிரேக்குக்குப் போனது. 'இதுவும் ரப்பராக இருந்தால்?' சூடு கண்ட பூனை அல்லவா! புயல் துரத்தும்போது எல்லோரையும் இறக்கிவிட்டு இன்னொரு முறை சிரிப்பாய்ச் சிரிக்க வேண்டுமா? அவர் நிறுத்தவில்லை.

முகாமில் இறங்கியதும் சக்கரப்பட்டை முழுவதையும் தடவித் தடவிப் பார்த்தார். ஓரிடத்திலும் பிய்யவில்லை. முன்னால் வேறு வண்டி போனதும் இல்லை. அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டார். புயல் ஓய்ந்தபோது கப்பலுக்குப் புறப்படும் நாள் வந்துவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை. தோமிகோவிடம் மட்டும் போனில் சொன்னார். "பாத்தேன். விட்டுட்டு வந்துட்டேன்." அவள் அன்றைக்குக் கேலி பேசவில்லை.

வீடு வந்த அன்று அவள் ஒரு முழு யோகானையும் கத்தியையும் அவர் முன்னால் வைத்தாள்.

"நீங்க பாத்தது கல்லுதாங்க. வெட்டுங்க."

"கத்தாதவன் வெட்டக்கூடாது, தோமிகோ."

அவள் எவ்வளவு சொல்லியும் அவர் கேட்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்தார். மார்ச் மாதத்துப் பனி, ஈரமாகக் கனத்தது. ஓரிடத்தில் கறுப்பாக ஒரு புள்ளி. குனிந்து பார்த்தார். யாரோ தின்று துப்பிய சீமைப்பனிச்சைப் பழத்தின் விதை. அதைப் பார்த்தபடியே வெகுநேரம் நின்றார். பிறகு மண்வாரியைக் கீழே போட்டு, இரண்டு கைகளையும் தூக்கி, தெருவே அதிர, "கல்!" என்று கத்தினார்.

அடுப்பில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடி வந்தாள் தோமிகோ.

"எங்கங்க?"

அவர் தெற்கே காட்டினார்.

தோமிகோவும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கத்தியை எடுத்து வர உள்ளே போனாள்.