போனில் தலையாட்டியது

கணக்கு எழுதும் கிராணி இருந்தார், ஆபீஸ் மேசைக்குப் பின்னால். வேலை வாங்கும் மண்டோர் இருந்தார், கதவுப் பக்கம். ஆபீஸ் கூட்டும் அக்கா இருந்தார், விளக்குமாறோடு. என் வீட்டுக்காரர் இருந்தார், வெளியே, கம்பை ஊன்றிக்கொண்டு. நான் இருந்தேன், மேசைக்கு முன்னால்.

மலேசியாவில், செமோருக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். எழுபதுகளின் கடைசியில் அதைத் துண்டு துண்டாக விற்றார்கள். மேட்டுப் பக்கத்து ரப்பர் மரங்களை அதற்குள் சாய்த்தாகிவிட்டது. மாதக் கடைசிக்குள் நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்காரர் லாரியிலிருந்து விழுந்து இடுப்பு போனவர். பால் வெட்டியது நான் மட்டும்தான். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் ரயில் பாதை ஓரம் தகரம் வைத்துக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். மழைக்கு அங்கே பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பார்கள் என்று யோசித்து யோசித்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஈப்போவில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் துணி துவைக்க ஆள் தேடினார்கள். பின்னால் ஓர் அறையும் தருவார்களாம். வேலை வேண்டும். அதைவிட அறை வேண்டும். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கும் அம்மாவும் அப்படித்தான். எல்லாரும் வந்து நிற்க வேண்டாம், முதலில் போனில் பேசிப் பார்க்கிறேன் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். கிராணி எனக்காகக் கேட்டு வைத்திருந்தார். நல்ல மனுஷர்தான்.

மணி அடித்தது. கிராணி எடுத்து இரண்டு வார்த்தை பேசினார். பிறகு என்னிடம் நீட்டினார்.

கிராணி மேசைக்கு முன்னால் நாங்கள் பேசிப் பழகியவர்கள் இல்லை. உள்ளே போகும்போது செருப்பைக் கழற்றுவோம். தலைத்துணியை எடுப்போம். நம் மூச்சு அவர் மேல் படக்கூடாது என்று ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு நிற்போம். கேட்டதற்குத் தலையாட்டுவோம். அதுதான் மரியாதை. ஒரு கையில் போன் இருந்தது. இன்னொரு கை தானாக வாய்க்குப் போய்விட்டது.

"துணி தோய்ச்சுப் பழக்கமோ?" என்று அந்த அம்மா கேட்டார்.

தலையாட்டினேன்.

"இங்கை ரத்தத் துணிதான் கூட. தோய்ப்பீரோ?"

நன்றாகத் தலையாட்டினேன்.

"ஆள் போனிலை நிக்கிறீரோ?"

அதற்கும் ஆட்டினேன். வேர்த்துக் கொட்டியது. மண்டோர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு காதில் ஒரே இரைச்சல்.

கிராணி போனை வாங்கிக் காதில் வைத்தார். "வச்சிட்டா. நீ ஒண்டும் கதைக்கேல்லையே."

"சொன்னேங்கய்யா," என்றேன். அப்படித்தான் நினைத்தேன்.

மண்டோர் சிரித்தார். "நல்லா சொன்னே போ. மாடு மாதிரி மண்டைய ஆட்டுனே."

மறுபடி போட்டுத் தாருங்கள் என்று கேட்க வாய் எடுக்கும்போது தோட்டத்துத் துரையின் கார் வந்து நின்றது. அது துரையின் போன். கிராணி அவசரமாக நம்பரை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். "செமோருக்குப் போய்ப் போன் எடு. பின்னேரம் வேற ஆளைச் சொல்லிப் போடுவா."

வெளியே வீட்டுக்காரர் காத்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார். கம்பை மாற்றிப் பிடித்துக்கொண்டு லயத்துப் பக்கம் நடந்தார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பயம் குறைந்திருக்கும்.

ஆபீஸ் கூட்டும் அக்காதான் கூட வந்தார். பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தார்.

"நீ மண்டைய ஆட்டுனது ஈப்போ வரைக்கும் தெரியுமா? அந்தம்மா என்ன ஆபீஸ் ஜன்னல்லயா எட்டிப் பாக்குறாங்க?"

"கை தானா போயிருச்சுக்கா."

"இப்ப போவாம பாத்துக்க. எடுத்த ஒடனே யாருன்னு சொல்லு. ஆமான்னா ஆமான்னு வாயத் தொறந்து சொல்லு. அவுங்க கேட்டு முடிச்சப்புறம் பேசு, நடுவுல பேசாதே. இன்னொண்ணு. எத்தனை பேருன்னு கேட்டா ரெண்டு புள்ளைங்கன்னு சொல்லு. மத்ததுங்கள அப்புறமா ஒவ்வொண்ணா கூட்டிக்கலாம் லா."

நான் கிராணி கொடுத்த காகிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

செமோரில் ஒரு சீனர் மளிகைக் கடையில் காசு கொடுத்தால் போன் பேசலாம். தவுக்கே, கடை முதலாளி, நம்பரைப் பார்த்து அவரே சுற்றிக் கொடுத்தார். கடையில் கூட்டம். நான் அரிசி மூட்டைகள் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வாய்க்குப் போகும் கையால் மேசை ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"ஆர் கதைக்கிறது?"

"காலையில... தோட்டத்து ஆபீஸ்ல இருந்து..." எனக்கே கேட்கவில்லை.

"குவாட் சிக்கிட் லா," என்றார் தவுக்கே. சத்தமாகப் பேசச் சொன்னார்.

"காலையில பேசாம நின்னவ நான்தாம்மா," என்றேன். கடையே திரும்பிப் பார்த்தது.

"ஏன் கதைக்கேல்லை? ரத்தத் துணிக்குப் பயமோ?"

"இல்லம்மா. துவைப்பேன்."

"அப்ப என்னத்துக்குப் பயம்?"

"ஆபீசுக்கும்மா."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வைத்துவிட்டார் என்று நினைத்தேன். காலையில் அந்த அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். பேசாத ஆள் போனில் இல்லாத ஆள்தான்.

"அம்மா, இருக்கீங்களா?" என்றேன்.

"நிக்கிறன். விடிய அஞ்சு மணிக்கு வேலை தொடங்கும். ஏலுமோ?"

"பால் வெட்டுக்கு அதுக்கு முன்னாலயே எந்திரிச்சுருவேம்மா."

"அறை சின்னன். ஆரார் வருவினம்?"

அக்கா எனக்கு எதிரில் வந்து நின்றார். இரண்டு விரலைக் காட்டினார். நான் அந்த விரல்களைப் பார்த்தேன். இரண்டு என்று சொல்லத்தான் நினைத்தேன். எந்த இரண்டு? பெரியவனையும் கைக்குழந்தையையுமா? நடுவில் உள்ள மூன்று பேரை யார் வீட்டில் விடுவது? லயமே இருக்காதே.

"நானு, வீட்டுக்காரரு, புள்ளைங்க எல்லாம் வரும்மா," என்றேன். "யாரையும் விட்டுட்டு வர எடமில்ல."

அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

"மனுசன் வேலை செய்யிறவரோ?"

"இடுப்பு முடியாதும்மா. உக்காந்து துணி மடிப்பாரு."

மறுபடி சத்தமில்லை. இந்த முறை நான் கூப்பிடவில்லை. மேசை ஓரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். தவுக்கே கையைத் தட்டி நேரமாகிறது என்றார். வெளியே பஸ் புறப்படும் சத்தம் கேட்டது.

"பிள்ளையள் வாட்டுப் பக்கம் ஓடித் திரியக் கூடாது," என்றார் அந்த அம்மா.

"திரியாதும்மா."

"திங்கக்கிழமை வாரும்."

போனை எப்படி வைத்தேன் என்று தெரியவில்லை. அக்கா, "என்னடி சொன்னாங்க, சொல்லித் தொலையேன்" என்றார். தலையை ஆட்டினேன்.

திங்கட்கிழமை சாமான் லாரியில் ஈப்போ போனோம். அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல். பெட்டிகளை வெளியே வைத்துவிட்டுக் கட்டிலுக்குக் கீழேயும் பாய் விரித்தேன். கதவைச் சாத்தினேன். படுத்தவர்கள் ஏழு பேர்.