ஜெபம் என்று நான் சொல்லிக்கொண்ட பயம்

1992 பிப்ரவரி 4, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு நாற்பது. அந்த நேரத்தை என் உடம்பு இன்னும் மறக்கவில்லை.

நான் மேற்குத் தாம்பரத்தில் குடியிருப்பவன். அரசு அலுவலகத்தில் வேலை. மனைவி இறந்து அப்போது ஆறு வருடம். ஒரே மகள் ஷீலா, நகரத்துக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு. தினமும் ஆறு மணிக்கு எலக்ட்ரிக் டிரெயினில் வந்து இறங்கிவிடுவாள். அன்று வரவில்லை. அவளைத் தேடி ஸ்டேஷன் பக்கம் நடந்துகொண்டிருந்தபோது எதிரே சைக்கிளில் வந்த ஒருவர், "காலேஜ் பொண்ணு ஒண்ணு லைன் தாண்டறப்போ அடிபட்டுச்சு சார்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

ஓடினேன். ஷீலா காலையில் என்ன நிறத்தில் உடுத்திப் போனாள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. பெற்ற தகப்பனுக்கு அதுகூடத் தெரியவில்லை. அதனால் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. கூட்டத்தை விலக்கிக் குனிந்து பார்த்தேன். என் மகள் இல்லை.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

பக்கத்தில் நின்றிருந்தவர் திரும்பி என்னைப் பார்த்தார். அப்படியே ஜல்லிக் கற்களின் மேல் உட்கார்ந்து அந்தப் பெண்ணின் காலைப் பிடித்துக்கொண்டார். அவர்தான் அவளுடைய தகப்பன். மகளை அழைத்துப்போக வந்தவராம். நான் அங்கே நிற்கவில்லை. வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன்.

ரயில் நின்றுபோனதால் ஷீலா கிண்டியில் இறங்கி, பஸ் பிடித்து ஏழே முக்காலுக்கு வந்தாள். "ஏம்ப்பா இப்படி வேர்த்திருக்கு?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

அன்றிரவு படுத்ததும் நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. இடப்பக்கம் திரும்பினால் தலையணைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. நாடியை எண்ணினேன். எண்ண எண்ண ஏறியது. உள்ளங்கை குளிர்ந்தது. இதோ நின்றுவிடும், காலையில் ஷீலா காபியோடு வந்து பார்ப்பாள், அவளுக்கு இனி யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். மறுநாள் இரவும் அப்படியே. அதற்கடுத்த இரவும். தூங்கினால் இரண்டு மணி நேரம். சில நாள் அதுவும் இல்லை.

குரோம்பேட்டையில் ஒரு டாக்டர் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தார். "ஹார்ட் நல்லா இருக்கு சார். மனசுலதான் ஏதோ வெச்சிருக்கீங்க. என்ன நடந்தது?" என்று கேட்டார்.

"ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி டாக்டர்."

அவர் மாத்திரை எழுதித் தந்தார். தூக்கத்துக்கு மாத்திரை போட்டால் நான் என்ன விசுவாசி என்று, சீட்டை மடித்து அலமாரியில் போட்டுவிட்டேன்.

மார்ச்சில் லெந்து காலம், ஈஸ்டருக்கு முந்தைய தவ நாட்கள், தொடங்கியது. அந்த நாற்பது நாளும் எங்கள் சபையில் ஆண்கள் சங்கிலி ஜெபம் நடத்துவோம். இரவு பத்திலிருந்து காலை ஐந்து வரை ஆளுக்கு ஒரு மணி நேரம், அவரவர் வீட்டில் முழங்காலில் நிற்க வேண்டும். எல்லோருக்கும் பக்கத்துப் பக்கத்துத் தெரு. நம் மணி முடிந்ததும் அடுத்தவர் வீட்டு ஜன்னலைத் தட்டி எழுப்பிவிட்டு வந்து படுக்கலாம். எனக்கு ஒன்றிலிருந்து இரண்டு. எனக்கு அடுத்தவர் மோசஸ் அண்ணன், ரயில்வேயில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன்.

எனக்கோ தூக்கமே இல்லை. விடியுமுன் சுத்தியலோடு கிளம்புகிற மனிதரை ஏன் எழுப்ப வேண்டும்? இரண்டாவது வாரத்திலிருந்து அவர் மணியையும் நானே எடுத்துக்கொண்டேன். பிறகு அவருக்கு அடுத்தவருடையதையும். தேவனே என்னை எழுப்பி ஜெப பாரத்தைத் தந்திருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போதகர் ஞாயிறு ஆராதனையில் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். அதற்கப்புறம், எனக்குப் பயமாக இருக்கிறது என்று நான் யாரிடம் போய்ச் சொல்வது? அந்த மூன்று மணி நேரமும் நான் ஜெபிக்கவில்லை. முழங்காலில் நின்று நாடியை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பகலில் ஷீலாவைக் கல்லூரிக்குப் போகவிடாமல் நிறுத்த ஆரம்பித்தேன். முதலில் ஒரு நாள், பிறகு தொடர்ந்து நான்கு நாள். "படிப்பை விட்டுடறேன்ப்பா. உங்க பக்கத்துலயே உக்காந்துக்கறேன். அப்பவாவது தூங்குவீங்களா?" என்றாள்.

நான்காவது வாரம், ஒரு வியாழன் இரவு. ஒன்றே முக்கால் இருக்கும். நெஞ்சு அடித்த அடியில் முழங்காலில் நிற்க முடியாமல் தரையில் சாய்ந்தேன். ஜெபக் குறிப்புத் தாளைக் கீழே வைத்தேன். "ஆண்டவரே, நான் ஜெபிக்கவில்லை. பயந்து கிடக்கிறேன். அந்தத் தகப்பன் காதுபட உமக்கு நன்றி சொன்னேன். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் செத்துப்போவேன். ஒரு ஆளை அனுப்பும்." அவ்வளவுதான். ஆமென்கூடச் சொல்லவில்லை.

அன்பானவர்களே, அவர் அனுப்பினார். அந்த வாரமே டாக்டரிடம் திரும்பப் போய் நடந்ததைச் சொன்னேன். மாத்திரையை ஸ்தோத்திரத்தோடு விழுங்கினேன். தூக்கம் ஒரே நாளில் வந்துவிடவில்லை, பல மாதம் ஆயிற்று. ஷீலா படிப்பை முடித்து, இன்று அதே ரயிலில் வேலைக்குப் போகிறாள். ரயில் தாமதித்தால் இப்போதும் வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கிறேன். முழுக்கச் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நடக்கும்போதே, பயமாக இருக்கிறது ஆண்டவரே என்று அவரிடம் சொல்லிவிடுகிறேன். உங்களில் யாருக்காவது இரவில் நெஞ்சு இப்படி அடித்தால், நல்ல வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். உள்ளதைச் சொல்லுங்கள். கேட்கிறவர் ஆளையும் அனுப்புகிறார்.

அந்த வியாழன் இரவு என்னிடம் அனுப்பப்பட்டவர் இரண்டே காலுக்கு வந்தார். லுங்கியும் கையில் டார்ச்சுமாக, மோசஸ் அண்ணன். கோபமாக இருந்தார்.

"இன்னா சார், ரெண்டு வாரமா என்னை எழுப்பவே இல்ல? பேரை எடுத்துட்டாங்களோன்னு லிஸ்ட்டைப் போய்ப் பாத்தேன், பேரு கீது. என் மணியையும் நீங்களே துன்னுகினு கீறீங்களா?"

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை டார்ச் வெளிச்சத்தில் பார்த்ததும் குரல் இறங்கியது. தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். குனிந்து பார்த்ததை, சொன்ன வார்த்தையை, திரும்பிய அந்த முகத்தை.

அவர் டார்ச்சை அணைத்துவிட்டு என் எதிரே தரையில் உட்கார்ந்தார். பிறகு சொன்னார்:

"எனக்கு மூணு பொண்ணு சார். லைன்ல நான் எவ்ளோ பாத்துட்டேன். ஒவ்வொரு தபாவும் குனிஞ்சு மொதல்ல மூஞ்சியத்தான் பாப்பேன். நம்ம புள்ள இல்லன்னா ஸ்தோத்திரம்னுதான் வாயில வரும். உங்க எடத்துல அந்த அப்பன் நின்னிருந்தா அவருக்கும் அதான் வந்திருக்கும். அப்பறம் நான் அந்தப் புள்ளைக்காக அங்கயே உக்காந்து அழுவேன். நீங்க அழாம ஓடியாந்துட்டீங்க. அதான் உள்ள அடிச்சிக்கினு கீது. இப்ப அழுங்க."

அழுதேன். ஷீலா எழுந்து வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அழுது ஓய்கிறவரை மோசஸ் அண்ணன் என் கையை விடவில்லை. பிறகு என்னைக் கட்டில்வரை கூட்டிப்போனார்.

"படுங்க சார். மிச்ச ராத்திரிய நான் பாத்துக்கறேன்."